2008 ஜனநாயகக் கட்சிப் போட்டி: ஒபாமாவின் தலைமையை எதை வைத்து எடைபோடுவது?

#1 தாழ்வாரம்

உரைகள் பற்றிய இழையில் இதைத் தொடர்ந்தால் அங்கே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு இடையூறாகும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

ஒபாமாவின் தலைமைப் பண்பு என்றாலே எல்லோரும் 2008 மார்ச் 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இனப் பிளவு குறித்து அவர் ஆற்றிய உரையை எடுத்து வைக்கிறார்கள். அருமையான உரைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட்டின் பிரசங்கக் காணொளிகள் தொலைக்காட்சிகளில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த வாரம் அது. பேசாமல் இருந்திருந்தால் வேட்பாளர் வாய்ப்பே போயிருக்கும். நெருக்கடியில் நன்றாகத் தற்காத்துக்கொள்வதும் தலைமையும் ஒன்றா?

உட்கட்சிப் போட்டியின் சிக்கலே வேறு. நவம்பரில் யாருடைய வாக்கு இல்லாமல் வெல்ல முடியாதோ, அவர்களுடைய தலைவரான ஹிலாரி கிளிண்டனைத்தான் ஜூன் வரை தோற்கடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனவே நான் பார்ப்பது இரண்டு இடங்களை: விதிப்புத்தகத்தோடு அவர் எப்படி நடந்துகொண்டார், தோற்றவருக்கு எதை எப்போது கொடுத்தார்.

முதலாவதற்கு மிச்சிகன், ஃப்ளோரிடா விவகாரத்தைவிட நல்ல சோதனை கிடையாது. பிப்ரவரி 5-க்கு முன் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா, தென் கரோலினா ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே தேர்தல் நடத்தலாம் என்பது கட்சியின் தேசியக் குழு வகுத்த விதி. மிச்சிகன் ஜனவரி 15-க்கும் ஃப்ளோரிடா ஜனவரி 29-க்கும் தேதியை முன்னே இழுத்தன. கட்சி வேட்பாளரை மாநாட்டில் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் பிரதிநிதிகள்; கட்சி அவ்விரு மாநிலங்களின் பிரதிநிதிகள் அத்தனை பேரையும் செல்லாதவர்கள் ஆக்கியது. முக்கிய வேட்பாளர்கள் அங்கே பிரசாரம் செய்வதில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். ஒபாமாவும் இன்னொரு போட்டியாளரான எட்வர்ட்ஸும் மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள், ஹிலாரி எடுக்கவில்லை. அவருக்கு சுமார் 55 விழுக்காடு, ‘யாருக்கும் கட்டுப்படாதவர்’ என்ற வரிசைக்கு சுமார் 40 விழுக்காடு.

பின்னால் எண்ணிக்கை நெருங்கியதும் ஹிலாரி தரப்பு அந்த வாக்குகளையெல்லாம் முழுமையாகக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. அந்தத் தேர்தல் எதற்கும் கணக்கில் வராது என்று 2007 அக்டோபரில் வானொலியில் சொன்னவரும் அவர்தான். ஒபாமா தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே நிலையில் நின்றார். இதில் அவர் தேறினார் என்பது என் கருத்து. முதல் வகுப்பில் தேறினார் என்று சொல்லமாட்டேன். ஏன் என்று கேட்டால் பிறகு எழுதுகிறேன்.

#2 எண்கணக்கு

ஒரே நிலையில் நிற்பது அவருக்கு லாபமாக இருந்தது, நின்றார். நிலை மாறாதது அவருக்கு நட்டம் தந்த ஓர் இடத்தைக் காட்டினால் தலைமை என்று ஒப்புக்கொள்கிறேன்.

#3 ஆஸ்டின் முருங்கை

அந்த மார்ச் 4 அன்று டெக்சாஸில் வாக்களித்தவன் நான். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் எனக்கு அது முதல் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. அன்றைய எங்கள் மாநில முறை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். பகலில் வாக்குச்சாவடி, அங்கே வாக்களித்தவர்கள் சாவடி மூடியபின் மறுபடியும் கூடி, யாருக்கு ஆதரவு என்று பெயரோடு பதிந்து காக்கஸ் என்ற கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. 193 பிரதிநிதிகளில் 126 பேர் பகல் வாக்கின்படி, 67 பேர் இரவுக் கூட்டத்தின்படி.

பகலில் ஹிலாரி வென்றார், 65-க்கு 61. இரவில் ஒபாமா, 38-க்கு 29. கூட்டிப் பாருங்கள்: 99-க்கு 94, ஒபாமா முன்னே. மறுநாள் தலைப்புச் செய்திகளிலோ ‘டெக்சாஸில் ஹிலாரி வெற்றி’.

எங்கள் வட்டாரக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட உணவறையில் நடந்தது. ஒபாமா ஆட்களிடம் பதிவுத்தாள், பேனா, வரிசையை ஒழுங்குபடுத்த ஆள் எல்லாம் தயாராக இருந்தன. ஹிலாரி பக்கம் ஆதரவாளர்கள் நிறையவே இருந்தார்கள். அவர்களிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாருமில்லை. சிலர் பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்திருக்கிறோம் என்று பாதியில் கிளம்பிவிட்டார்கள். உரையைவிட, விதிப்புத்தகத்தைவிட, எனக்கு அந்த உணவறைதான் சாட்சி. ஒரு பெரிய அமைப்பை நடத்தத் தெரிந்தவர் யார் என்பது அங்கே தெரிந்தது.

#4 எண்கணக்கு

முருங்கை அண்ணன் சொன்னதற்குத் துணையாக ஒரு கணக்கு. பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியில் ஹிலாரி வென்றார்: 59-க்கு 48, நிகர லாபம் 11. அதே நாளில் ஐடஹோவின் காக்கஸில் ஒபாமா 15-க்கு 3, நிகர லாபம் 12. பொதுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி எட்டிக்கூடப் பார்க்காத ஐடஹோ, நியூ ஜெர்சி முழுவதையும் சமன் செய்துவிட்டது. வாக்கு விகிதத்தில் பிரதிநிதிகளைப் பகிரும் முறையில் சிறிய ஊரில் பெரிய வித்தியாசத்தில் வெல்வது பெரிய ஊரில் சிறிய வித்தியாசத்தில் வெல்வதைவிட மேல். இதை ஒரு தரப்பு முன்கூட்டியே கணக்குப் போட்டு அங்கே ஆள் வைத்திருந்தது.

மறுதரப்போ பிப்ரவரி 5-லேயே ஆட்டம் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தது. அடுத்து வந்த 11 போட்டிகளை ஒபாமா வரிசையாக வென்றார். ஹிலாரி சொந்தப் பணம் 50 லட்சம் டாலரைப் பிரசாரத்துக்குக் கடன் கொடுத்தார். பிப்ரவரியில் பிரசார மேலாளர் மாறினார். ஏப்ரலில் தலைமை வியூகர் மார்க் பென் விலகினார். ஹிலாரி எதிர்த்த கொலம்பிய வர்த்தக ஒப்பந்தத்துக்காக அந்நாட்டுத் தூதரைச் சந்தித்திருந்தார் அவர்.

ஆனாலும் இதற்கு நான் வைக்கும் பெயர் நிர்வாகத் திறமை.

#5 குறிஞ்சிமலர்

இழை தொடங்கி நான்கு பதிவுகள் ஆகிவிட்டன. அந்த ஐந்து மாதங்களில் ஒரு பெண் வேட்பாளர் எப்படி நடத்தப்பட்டார் என்று ஒருவரும் எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

நியூ ஹாம்ப்ஷயர் தேர்தலுக்கு முந்தைய நாள், சேலம் என்ற ஊரின் கூட்டத்தில் இரண்டு ஆண்கள் எழுந்து நின்று ‘என் சட்டையை இஸ்திரி போடு’ என்று ஹிலாரியைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் அதைச் சமாளித்துவிட்டார். தொலைக்காட்சி விவாதங்களில் அவருடைய சிரிப்பு, குரல், உடை எல்லாம் அலசப்பட்டன. இனம் பற்றி அவ்வளவு பண்பட்ட உரை நிகழ்த்திய ஒபாமா, இதைப் பற்றி அதே எடையில் ஒரு முறையாவது பேசினாரா? ஜனவரி 5 விவாதத்தில் ஹிலாரியை மக்களுக்குப் பிடிக்கவில்லையே என்று நெறியாளர் கேட்டபோது, ‘உங்களைப் பிடிக்கும்படிதான் இருக்கிறீர்கள், போதுமான அளவுக்கு’ என்கிற பாணியில் ஒபாமா குறுக்கிட்டது நினைவிருக்கிறதா? சிரித்துக்கொண்டே சொன்னார் என்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பிரச்சினை.

தோற்றவர்களுக்கு என்ன கொடுத்தார் என்று தாழ்வாரம் ஐயா கேட்கிறார். ஜூன் மாதம் ஹிலாரியின் ஆதரவாளர்களில் ஒரு கூட்டம் ‘கட்சி ஒற்றுமை எங்களுக்குத் தேவையில்லை’ என்று அமைப்பே தொடங்கியது. வெறும் தோல்விக் கசப்பு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பை வென்றவர் கண்டுகொள்ளவே இல்லை என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது.

#6 சந்தேகி

குறிஞ்சிமலர் சொல்வது நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் தூய்மையாக இல்லை, அம்மா. தென் கரோலினாவில் ஒபாமா வென்ற நாளில் பில் கிளிண்டன், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் இங்கே வென்றவர்தான் என்று நினைவூட்டினார். மே மாதம் ஹிலாரியே, கடுமையாக உழைக்கும் வெள்ளையர்களின் ஆதரவு தனக்கு இருக்கிறது என்ற தொனியில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். போஸ்னியா விமான நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இறங்கினேன் என்று அவர் சொன்ன கதை, பழைய காணொளி வெளிவந்ததும் கலைந்தது.

என் கேள்வி அடிப்படையிலேயே வேறு. போட்டிக் காலத்து நடத்தையை வைத்துத் தலைமையை அளக்க முடியுமா? அவர்கள் அப்போது செய்வதெல்லாம் வெல்வதற்காக. எல்லாரும் நடிக்கும் மேடையில் நல்லவர் யார் என்று கேட்பதுபோல் இருக்கிறது இந்த இழை.

#7 பழைய பேப்பர்

அளக்க முடியும், தம்பி. ஆனால் ஒரே ஒரு போட்டியைப் பார்த்தால் போதாது. இரண்டு பழைய போட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1980. பதவியில் இருந்த ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி களம் இறங்கினார். 1979 நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பணயக்கைதிகளாகப் பிடிபட்டார்கள். அதைக் காரணம் காட்டிக் கார்ட்டர் அயோவா விவாதத்திலிருந்து விலகினார், வெள்ளை மாளிகையிலேயே இருந்துகொண்டு பிரசாரத்தைப் பிறரிடம் விட்டார். அது பலித்தது. எண்ணிக்கையில் முன்னே போனார். ஆனால் கென்னடியோடு விவாத மேடையில் நேருக்கு நேர் நிற்காமல், அந்த ஆதரவாளர்களோடு சமாதானம் ஆகாமலேயே மாநாட்டுக்கு வந்து சேர்ந்தார். நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் கென்னடி தரப்பு, பிரதிநிதிகள் முதல் சுற்றில் தங்கள் மாநில முடிவின்படியே வாக்களிக்கவேண்டும் என்று கட்டிப்போடும் விதியை நீக்கக் கோரியது. சுமார் 1936-க்கு 1390 என்ற வாக்கில் தோற்றது. விதி கார்ட்டருக்கு வென்று கொடுத்தது. பிறகு? கென்னடியின் உரைக்கு அரங்கமே எழுந்து நின்றது. கடைசி இரவில் மேடையில் கார்ட்டர், கென்னடி கையைப் பிடித்து உயர்த்தும் படம் ஒன்றுக்காக அவர் பின்னாலேயே சுற்றிவந்ததை நாடே பார்த்தது. அந்தப் படம் கிடைக்கவே இல்லை. நவம்பரில் கட்சிக்காரர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கார்ட்டருக்கு வாக்களித்தார்கள். அதிபரை முடிவு செய்யும் 538 தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தவை 49.

1976-இல் குடியரசுக் கட்சி. பதவியில் இருந்த ஃபோர்டுக்கு 1187 பிரதிநிதிகள், எதிர்த்து நின்ற ரீகனுக்கு 1070. ஃபோர்டு எதிர்த்திசையில் போனார். ரீகன் ஆட்களைச் சமாதானப்படுத்த முன்கூட்டியே துணை அதிபர் ராக்ஃபெல்லரை அடுத்த தேர்தல் கூட்டணியிலிருந்து கழற்றிவிட்டார். மாநாட்டில், தன் சொந்த வெளியுறவுக் கொள்கையையே குத்திக்காட்டும் வாசகத்தைக் கட்சி அறிக்கையில் சேர்க்க ரீகன் தரப்பு வற்புறுத்தியபோது எதிர்க்காமல் விட்டுக்கொடுத்தார். ஏற்புரை முடிந்ததும் பார்வையாளர் மாடத்தில் இருந்த ரீகனை மேடைக்கு அழைத்தார். ரீகன் எழுதிவைக்காத ஒரு சிறு உரை பேசினார். தவறான ஆளை நியமித்துவிட்டோமோ என்று அரங்கில் பலருக்குத் தோன்றிய நேரம் அது. ஃபோர்டு 297-க்கு 240 என்று கார்ட்டரிடம் தோற்றார்.

கார்ட்டர் விதி விஷயத்தில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, ஃபோர்டு பலவற்றைக் கொடுத்தார். ஒபாமாவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவீர்கள்?

#8 தாழ்வாரம்

பழைய பேப்பர் ஐயாவின் பதிவு இந்த இழைக்குக் கிடைத்த வரம். எண்கணக்கு #2-இல் கேட்டதற்கும் இப்போது பதில் எழுதுகிறேன், ஏனென்றால் ‘முதல் வகுப்பு இல்லை’ என்று நான் சொன்னதற்குக் காரணம் அங்கேதான்.

2008 மார்ச்சில் இரண்டு மாநிலங்களிலும் மறுதேர்தல் பற்றிப் பேச்சு எழுந்தது. ஃப்ளோரிடாவில் அஞ்சல் வாக்கு யோசனை வந்து கைவிடப்பட்டது. மிச்சிகனில் ஜூனில் மறுதேர்தல் என்ற திட்டம் மாநில செனட்டில் நின்றுபோனது. மறுதேர்தலை ஒபாமா வெளிப்படையாக எதிர்க்கவில்லை. அவருடைய வழக்கறிஞர்கள் சட்டச் சிக்கல்களைப் பட்டியலிட்டார்கள். முன்னே இருப்பவருக்குக் காலம் கடந்தாலே லாபம். ‘வாருங்கள், மறுபடி நிற்கலாம்’ என்று அவர் சொல்லியிருந்தால் இரண்டு மாநில மக்களின் வாக்கும் கணக்கில் வந்திருக்கும், அவருடைய வெற்றியின் மேல் ஒரு கறையும் விழுந்திருக்காது. அதைச் செய்யும் துணிச்சல் இல்லை. இங்கே மதிப்பெண் குறைக்கிறேன்.

மே 31. வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அரங்கில் கட்சியின் விதிக்குழு கூடியது. வெளியே ஆர்ப்பாட்டம், உள்ளே கூச்சல். ஃப்ளோரிடாப் பிரதிநிதிகள் எல்லோரும் அமரலாம், ஆளுக்கு அரை வாக்கு என்று முடிவானது. மிச்சிகனுக்கும் அரை வாக்கு, ஆனால் 69-க்கு 59 என்று பிரித்தார்கள். ‘கட்டுப்படாதவர்’ வாக்குகள் எல்லாம் ஒபாமாவுக்குப் போனது மட்டுமல்லாமல், ஹிலாரி வாக்கின்படி பெறவேண்டிய நான்கு பிரதிநிதிகளும் மறுபக்கம் போனார்கள். ஹிலாரியின் ஆலோசகர் ஹரால்ட் இக்கிஸ் அந்த அரங்கிலேயே வெடித்தார். அதே இக்கிஸ்தான் 2007-இல் விதிக்குழு உறுப்பினராக அந்த மாநிலங்களைத் தண்டிக்கக் கை தூக்கியவர். ஹிலாரி, மாநாட்டில் யார் அமரலாம் என்று முடிவு செய்யும் சான்றளிப்புக் குழுவுக்குப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அறிவித்தார்.

இப்போது ஆகஸ்டுக்கு வாருங்கள். போட்டி முடிந்தபின் ஒபாமாவே, இரண்டு மாநிலங்களுக்கும் முழு வாக்கு திரும்பத் தரும்படி கட்சிக்கு எழுதினார். கொடுத்தார்கள்.

#9 சந்தேகி

அந்த ஆகஸ்டு கடிதம் ஒரு பைசா செலவில்லாத தாராளம். தோற்க முடியாத நிலையில் இருக்கும்போது விட்டுக்கொடுப்பதை யார்தான் செய்யமாட்டார்கள்?

#10 பழைய பேப்பர்

கார்ட்டர் செய்யவில்லை. அவரும் எண்ணிக்கையில் தோற்க முடியாத நிலையில்தான் இருந்தார்.

#11 எண்கணக்கு

சரி, செலவு வைத்த ஒன்றையும் நானே தருகிறேன், யாரும் எழுதாததால். ஹிலாரி பிரசாரம் முடிந்தபோது இரண்டு கோடி டாலருக்கு மேல் கடன். ஜூன் 26 அன்று வாஷிங்டன் மேஃப்ளவர் ஓட்டலில் ஹிலாரியின் பெரும் நன்கொடையாளர்களை ஒபாமா சந்தித்தார். கடனை அடைக்க உதவுங்கள் என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். தானும் மனைவியும் ஆளுக்கு 2300 டாலர் காசோலை கொடுத்தார்கள். அப்போது சட்டப்படி ஒருவர் கொடுக்கக்கூடிய உச்சவரம்பே அவ்வளவுதான். தொகை சிறியது. ஆனால் பொதுத் தேர்தலுக்குப் பணம் திரட்டவேண்டிய நேரத்தில் தன் நன்கொடையாளர்களைத் தோற்றவர் கடனுக்குத் திருப்புவது சும்மா இல்லை. பலர் முகம் சுளித்தார்கள்.

மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி (ஒற்றுமை என்று பொருள்) என்ற சிற்றூரில் இருவரும் ஒன்றாக மேடையேறினார்கள். பிரைமரியில் அந்த ஊரில் இருவருக்கும் தலா 107 வாக்குகள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு சபாஷ்.

#12 குறிஞ்சிமலர்

107-க்கு 107 அழகுதான், எண்கணக்கு. ஆனால் துணை அதிபர் இடம்? 1 கோடியே 80 லட்சம் வாக்குகளை வாங்கியவர் ஹிலாரி. ஜூன் 7 அன்று விலகிய உரையில் அந்த எண்ணிக்கையைத்தான், பெண்களை மேலே போகவிடாத கண்ணாடிக் கூரையில் விழுந்த விரிசல்கள் என்று சொன்னார். ஒபாமா பைடனைத் தேர்ந்தெடுத்தார். ஒற்றுமை முக்கியம் என்றால் எளிய வழி அங்கே இருந்தது.

#13 ஆஸ்டின் முருங்கை

அந்த இடத்தில் நான் ஒபாமா பக்கம். துணை அதிபர் பதவியைத் தோற்றவருக்குத் தரவேண்டிய பாக்கியாக நினைத்தால் ஃபோர்டு போன வழிக்கே போவோம். வென்றவர் தன் அறைக்குள் யாரை உட்காரவைப்பது என்பதைத் தானே முடிவு செய்யவேண்டும்.

வேறொன்று கவனியுங்கள். ஜூன் 3 இரவு ஒபாமாவுக்குத் தேவையான எண்ணிக்கை வந்துவிட்டது. ஹிலாரி அன்று தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கட்சிக்குள் பலர் கொதித்தார்கள். ஒபாமா அன்றிரவு உரையில் ஹிலாரியைப் புகழ்ந்தார், அவசரப்படுத்தவில்லை. ஜூன் 5 இரவு செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் வீட்டில் இருவரும் தனியாகச் சந்தித்தார்கள். உதவியாளர்கள் யாரும் உள்ளே இல்லை. இரண்டு நாள் கழித்து ஹிலாரி விலகினார். நான்கு நாள் பொறுமைக்கு நான் ஃபிலடெல்ஃபியா உரையைவிட அதிக மதிப்பெண் தருவேன்.

மாநாட்டையும் பாருங்கள். டென்வரில் ஹிலாரியின் பெயரும் முறைப்படி முன்மொழியப்பட்டது. மாநில வாரியாக வாக்கெடுப்பு நடந்தது. நியூ மெக்சிகோ தன் முறையை இல்லினாய்ஸுக்கு விட்டது, இல்லினாய்ஸ் நியூயார்க்குக்கு விட்டது. நியூயார்க் வரிசையில் நின்ற ஹிலாரியே எழுந்து, வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கக் கோரினார். 1980-இல் கார்ட்டருக்குக் கிடைக்காத படம் இங்கே கேட்காமலேயே கிடைத்தது.

#14 சந்தேகி

இதெல்லாம் நடந்த மூன்று வாரத்தில், செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால். அந்தப் பொருளாதாரச் சரிவில் ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தியிருந்தாலும் வெல்லும் நிலை. நவம்பரில் 89 விழுக்காடு கட்சிக்காரர்கள் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள் என்றால் அதற்கு யூனிட்டி காரணமா, பங்குச்சந்தை காரணமா? 1980-க்கும் அதே கேள்வி: பணவீக்கமும் டெஹ்ரானும் இல்லாவிட்டால் கார்ட்டரின் கைகுலுக்கலை இன்று யார் பேசுவார்கள்? முடிவை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் காரணம் தைக்கிறோம்.

#15 தாழ்வாரம்

அதனால்தான் நவம்பர் முடிவை நான் எங்கும் சான்றாக வைக்கவில்லை. நடத்தையைத்தான் பார்க்கிறேன், பலனை அல்ல. ஒரு சிறிய சம்பவத்தைச் சொல்கிறேன். இந்திய வாசகர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு.

2007 ஜூனில் ஒபாமா தரப்பிலிருந்து பத்திரிகையாளர்களுக்கு ஒரு குறிப்பு ரகசியமாகப் போனது. கிளிண்டன் தம்பதியின் இந்தியத் தொடர்புகள், முதலீடுகள், வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களோடு உறவு எல்லாம் அதில். தலைப்பில் ஹிலாரியைப் பஞ்சாபின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் என்று கிண்டல் செய்திருந்தார்கள். பஞ்சாபிலிருந்துகூடத் தன்னால் எளிதாக செனட்டராகலாம் என்று அவரே ஒரு கூட்டத்தில் சொன்ன நகைச்சுவையைத் திருப்பியது அது. குறிப்பு ஹிலாரி தரப்பு கையில் சிக்கி வெளியே வந்துவிட்டது. இந்திய அமெரிக்கர்கள் கொந்தளித்தார்கள். ஒபாமா, அது தன் பார்வைக்கு வரவில்லை, ஆனாலும் பொறுப்பு தன்னுடையது, முட்டாள்தனமான தவறு என்று சொன்னார். கீழே இருந்த ஊழியர் மேல் பழியைத் தள்ளிவிட்டு நழுவவில்லை. தேர்தலில் இதனால் அவருக்கு ஒரு பிரதிநிதிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது. யாரும் எண்ணாத இடத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பது தெரிகிறது.

#16 குறிஞ்சிமலர்

‘என் பார்வைக்கு வரவில்லை’ என்பதுதான் நழுவலின் முதல் படி, ஐயா.

ஜெரமையா ரைட் விஷயத்திலும் அதே. மார்ச்சில் ஒபாமா, என் வெள்ளைக்காரப் பாட்டியை எப்படித் தள்ளிவிட முடியாதோ அப்படியே இவரையும் என்றார். ஏப்ரல் 28 அன்று ரைட் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் பேசினார். மறுநாளே ஒபாமா அவரைக் கைகழுவினார். மே 31 அன்று ரைட்டின் தேவாலயத்தை விட்டே விலகினார். விதிக்குழு கூடிய அதே நாள்! எல்லார் கண்ணும் மிச்சிகன் மேல் இருக்கும்போது.

#17 மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. நீக்கப்பட்ட இரண்டு பதிவுகள் இன்றைய அமெரிக்க அரசியல் குறித்த வசைகள். அவற்றுக்கு இங்கே இடமில்லை. 2008-ஐ விட்டு வெளியே போகவேண்டாம். ஒப்பீட்டுக்கு முந்தைய தேர்தல்கள் வரலாம்.

#18 சந்தேகி

முந்தையவை வரலாம் என்று அனுமதி கிடைத்ததால் கேட்கிறேன். தாழ்வாரம், விதியோடு நடந்துகொள்வதுதான் உங்கள் முதல் அளவுகோல். 1996-இல் ஒபாமா இல்லினாய்ஸ் மாநில செனட்டுக்கு முதன்முறை நின்றபோது என்ன செய்தார்? அந்த இடத்தில் இருந்த ஆலிஸ் பால்மர் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் தோற்றுத் தன் பழைய தொகுதிக்கே திரும்ப நினைத்தார். ஒபாமாவின் ஆட்கள் அவருடைய வேட்புமனுக் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து ஆட்சேபம் தெரிவித்தார்கள். பால்மர் விலகினார். மற்ற மூவரின் மனுக்களும் தள்ளுபடியாயின. போட்டியே இல்லாமல் பிரைமரியை வென்றார் நம் நாயகர். வாக்காளருக்குத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது. இதுவும் விதிப்படிதான்.

#19 பழைய பேப்பர்

நல்ல கேள்வி. 2000-இல் பதவியில் இருந்த பாபி ரஷ்ஷிடம் நாடாளுமன்றப் பிரைமரியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உதை வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே கையெழுத்துச் சோதனை உதவவில்லை.

#20 தாழ்வாரம்

1996-ஐ மறைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. அது 2008-ஐத் தெளிவாக்குகிறது. விதியைக் கடைசி எழுத்துவரை படிப்பவர், எதிராளி படிக்காமல் விட்ட வரியில் வெல்பவர்: சிகாகோவில் கையெழுத்து, ஐடஹோவில் காக்கஸ், டெக்சாஸில் இரவுக் கூட்டம். மறுதேர்தல் விஷயத்தில் அவர் ஒதுங்கி நின்றதும் இதே குணத்தால்தான். விதி தன் பக்கம் இருக்கும்போது அதற்கு மேல் எதையும் தானாகத் தரமாட்டார். வீரனின் குணம் என்று இதை நான் சொன்னதில்லை.

இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 1996-இல் பால்மருக்கு அதற்குப் பின் அவர் எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை; பால்மர் 2008-இல் ஹிலாரியை ஆதரித்தார். 2008-இல் தோற்றவரை நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஆக்கினார், தேர்தல் முடிந்து கொடுக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதபோது. துணை அதிபர் பதவியை ஏன் தரவில்லை என்ற குறிஞ்சிமலரின் கேள்விக்கு என் பதிலும் அதுதான்: வாக்கு தேவைப்பட்ட ஆகஸ்டில் தராமல், தேவை தீர்ந்த பிறகு அழைத்தார்.

#21 குறிஞ்சிமலர்

அல்லது, செனட்டில் தனி ஆளாக இருந்து எதிர்க்கக்கூடியவரைத் தன் அமைச்சரவைக்குள் கட்டிப்போட்டார். இரண்டு விளக்கமும் ஒரே செயலுக்குப் பொருந்துகின்றன, ஐயா. மறுதேர்தலைத் தட்டிக் கழித்தவரிடமிருந்து வரும்போது எனக்கு இரண்டாவதுதான் கண்ணில் படுகிறது.